உள்தூண் ஒன்றுதான், அதுவும் நடுவில் இல்லை: கனமான நிலைக்கண்ணாடியை எப்படி மாட்டுவது?

கேட்கப்பட்ட கேள்வி இது. 60 செ.மீ. அகலமும் 120 செ.மீ. உயரமும் கொண்ட, மரச்சட்டம் போட்ட நிலைக்கண்ணாடி. சட்டத்தின் பின்புறம் இரு ஓரங்களிலும் ஒவ்வொரு வளையம் உண்டு. மாட்ட வேண்டிய சுவர், உள்ளே வெற்றிடம் உள்ள ஜிப்சம் பலகைச் சுவர். கண்ணாடி வரவேண்டிய அகலத்துக்குள் பலகையைத் தாங்கும் உள்தூண் ஒன்றுதான் அகப்படுகிறது. அதுவும் நடுவிலிருந்து 10 செ.மீ. இடப்பக்கம் தள்ளி நிற்கிறது. வலது வளையத்துக்கு நேர் பின்னால் தண்ணீர்க் குழாய் ஏறுவதால் அங்கே துளையிடவே வழியில்லை. இருபக்கமும் ஒட்டும் டேப் போதுமா, அல்லது அந்த ஒற்றைத் தூணில் ஓர் ஆணி அடித்துக் கம்பி கட்டித் தொங்கவிடலாமா?

இரண்டுமே வேண்டாம் என்பது என் பதில். ஆனால் உங்கள் சுவரில் கண்ணாடியைத் தாராளமாக மாட்டலாம். வளையம் இருக்கும் இடத்தில்தான் ஆணி வரவேண்டும் என்று நினைப்பதால்தான் வழி அடைபட்டதாகத் தோன்றுகிறது. சுவர் தாங்கும் இடமும் கண்ணாடி தொங்கும் இடமும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. நடுவே ஒரு பட்டையைப் போட்டால் இரண்டையும் பிரித்துவிடலாம். சுவர் எங்குமே தாங்காது என்றாலும் கவலை இல்லை. எடையைத் தரைக்கு இறக்கிவிட்டு, கண்ணாடி முன்பக்கம் சாயாமல் பிடிக்கும் வேலையை மட்டும் சுவரிடம் விடலாம். இந்த இரண்டு வழிகளையும்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் எடை. பலர் இதை ஊகித்துவிட்டுக் கடைக்குப் போய்க் கொக்கி வாங்குகிறார்கள். கண்ணாடியின் எடையைக் கணக்கிடுவது மிகச் சுலபம்: ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு, ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும் 2.5 கிலோ. 4 மி.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 10 கிலோ, 5 மி.மீ. என்றால் 12.5 கிலோ, 6 மி.மீ. என்றால் 15 கிலோ. உங்கள் கண்ணாடி 0.72 சதுர மீட்டர், 4 மி.மீ. தடிமன் என்று கொண்டால் கண்ணாடி மட்டும் ஏறத்தாழ 7 கிலோ. மரச்சட்டமும் பின்பலகையும் சேர்ந்தால் 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் எடைபார்க்கும் இயந்திரத்தில் முதலில் தனியாகவும், பிறகு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டும் நின்று பார்த்துச் சரியான எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். இனி வரும் கணக்குக்கெல்லாம் 12 கிலோவையே எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்து, அந்த 12 கிலோ சுவரை எந்தத் திசையில் இழுக்கிறது? சுவரோடு ஒட்டித் தொங்கும் கண்ணாடியின் எடை ஏறக்குறைய முழுவதும் நேர்கீழாகத்தான் இறங்குகிறது. கண்ணாடியின் எடைமையம் சுவரிலிருந்து 3 செ.மீ. வெளியே இருக்கிறது, மாட்டும் இடம் கண்ணாடியின் கீழ்விளிம்பிலிருந்து 100 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்றால், திருகாணியைச் சுவரிலிருந்து வெளியே பிடுங்கும் விசை 12 × 3 ÷ 100, அதாவது அரைக் கிலோகூட இல்லை. இதே 12 கிலோவை ஓர் அலமாரித் தட்டில், சுவரிலிருந்து 12 செ.மீ. தள்ளி, 15 செ.மீ. உயரத் தாங்கியில் வைத்தால் மேல் திருகாணியைப் பிடுங்கும் விசை 9.6 கிலோ ஆகிவிடும். ஜிப்சம் பலகை பிடுங்கும் விசைக்கு மிகவும் பலவீனமானது. கீழ்நோக்கிய பாரத்தை அதைவிட நன்றாகவே தாங்கும். ஆகவே கண்ணாடி சுவரோடு எவ்வளவு ஒட்டி நிற்கிறதோ அவ்வளவு நல்லது. நீண்டு துருத்தும் கொக்கிகளை வாங்க வேண்டாம்.

கம்பி கட்டித் தொங்கவிடுவதை நான் ஏன் மறுக்கிறேன் என்பதும் இங்கேதான் விளங்கும். ஒரே ஆணியில் கம்பி தொங்கும்போது அதன் இரு பக்கமும் கிடைமட்டத்தோடு ஒரு கோணத்தில் நிற்கின்றன. அந்தக் கோணம் 60 பாகை என்றால் ஒவ்வொரு பக்கக் கம்பியிலும் 7 கிலோ இழுவிசை. 30 பாகையானால் 12 கிலோ. 15 பாகையானால் 23 கிலோ! கம்பி வெளியே தெரியக் கூடாது என்று இறுக்கிக் கட்டுவார்கள். இறுக்க இறுக்கக் கோணம் குறைந்து இழுவிசை கூடும். அது வளையங்களை உள்நோக்கி இழுக்கும். சட்டத்தின் மூலைப் பொருத்துகளைக் கழற்றும். சிறிய படத்துக்குக் கம்பி சரி. நிலைக்கண்ணாடிக்கு ஒருபோதும் வேண்டாம். மேலும், ஒற்றை ஆணியில் தொங்குவது கதவைச் சாத்தும் ஒவ்வொரு அதிர்விலும் ஒரு பக்கமாகச் சரியும்.

டேப்புக்கு வருகிறேன். கண்ணாடி, உலோகம், மெருகேற்றிய டைல் போன்ற வழவழப்பான, சுத்தமான பரப்புகளில்தான் நல்ல நுரைடேப் முழு வலிமையோடு பிடிக்கும். உங்கள் சுவரிலோ டேப் பிடிப்பது பெயின்ட்டைத்தான். பெயின்ட் தனக்கு அடியில் பூசிய பட்டியை (சுவரைச் சமன்செய்யும் பூச்சை) நம்பி நிற்கிறது, பட்டி ஜிப்சம் பலகையின் காகித உறையை நம்பி நிற்கிறது. இதில் எது பலவீனமோ அதுதான் உங்கள் கண்ணாடியின் உண்மையான தாங்குதிறன். டேப் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இது மாறாது. இன்னொன்றும் உண்டு. இடைவிடாமல் கீழ்நோக்கி இழுக்கும் பாரத்தில் டேப்பின் பசை மெல்ல மெல்ல நகரும். வெப்பமும் ஈரமும் கூடினால் வேகமாக நகரும். ஒட்டிய அன்று இரண்டு பேர் இழுத்தும் வராதது, பல மாதம் கழித்து ஒரு நள்ளிரவில் தானாக விழுவது இதனால்தான். விழுவதற்கு முன் எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. உடையும் பொருளை இப்படி ஒரு பிடிமானத்தில் விடக் கூடாது.

இன்னும் வாங்கவில்லை, அல்லது மாற்றிக்கொள்ள முடியும் என்றால் ஒன்றை யோசியுங்கள். முழு உருவத்தையும் பார்க்க, உங்கள் உயரத்தில் பாதி உயரமுள்ள கண்ணாடி போதும். எவ்வளவு தூரம் தள்ளி நின்றாலும் இந்தக் கணக்கு மாறாது. 170 செ.மீ. உயரமுள்ளவரின் கண்கள் 158 செ.மீ. உயரத்தில் இருந்தால், கண்ணாடியின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 79 செ.மீ., மேல்விளிம்பு 164 செ.மீ. இருக்க வேண்டும், மொத்தம் 85 செ.மீ. உயரம். வீட்டில் உயரம் குறைந்தவர், கூடியவர் இருவருக்கும் பொருந்துமாறு மேலும் கீழும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். 45 செ.மீ.க்கு 90 செ.மீ. கண்ணாடி, அதே 4 மி.மீ. தடிமனில், 4 கிலோதான் வரும். எடையைக் குறைக்க 3 மி.மீ. கண்ணாடியை எடுப்பதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பெரிய அளவில் அது வளைந்து உருவத்தைக் கோணலாக்கும்.

இனிச் சுவர். உள்தூண் என்று நான் சொல்வது, ஜிப்சம் பலகைகளைப் பிடித்து நிற்கும் செங்குத்துக் கட்டை அல்லது மடித்த தகட்டுச் சேனல். வழக்கமாக இவை ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை 40 அல்லது 60 செ.மீ. இடைவெளியில் நிற்கும். அதனால்தான் 60 செ.மீ. அகலத்துக்குள் உங்களுக்கு ஒன்றுதான் கிடைத்தது. அது இருக்கும் இடத்தைத் தட்டிப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். வலுவான சிறு காந்தம் ஒன்றைச் சுவரில் மெதுவாக நகர்த்துங்கள். பலகையைப் பூட்டிய திருகாணித் தலைகளில் அது ஒட்டும். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று இடங்களில் ஒட்டினால் அந்த நேர்கோட்டில் தூண் இருக்கிறது. பிறகு, கண்ணாடி மறைக்கப்போகும் இடத்தில் ஒரு மெல்லிய ஆணியை இடமும் வலமுமாகச் சில மி.மீ. தள்ளித் தள்ளிக் குத்திப் பார்த்துத் தூணின் இரு விளிம்புகளையும் குறித்துக்கொள்ளுங்கள். திருகாணி தூணின் நடுவில் இறங்க வேண்டும். விளிம்பில் இறங்கினால் கட்டை பிளக்கும், பிடிமானமும் பாதியாகும். அதே வேளையில், சுவிட்ச், பிளக், குழாய்த் திருகு இவற்றுக்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் மின்கம்பியோ குழாயோ ஓடும் என்று எடுத்துக்கொண்டு அந்தக் கோடுகளைத் தவிர்க்க வேண்டும். டிரில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்வது, தவறி ஆழமாக இறங்காமல் காக்கும்.

பட்டைக்கு வருவோம். தச்சர்கள் பிரெஞ்ச் கிளீட் என்று சொல்லும் சாய்வெட்டுப் பட்டைதான் உங்கள் நிலைமைக்கு மிகப் பொருத்தம். 18 மி.மீ. பிளைவுட்டில், கண்ணாடியின் அகலத்தைவிட 5 செ.மீ. குறைவான நீளத்தில் ஒரு பட்டை எடுத்து, அதன் நீளவாக்கில் 45 பாகைச் சாய்வில் இரண்டாக அறுக்க வேண்டும். ஒரு பாதி சுவருக்கு: அதன் கூர்விளிம்பு மேலே, அறையை நோக்கி இருக்கும். மறுபாதி கண்ணாடிச் சட்டத்துக்கு: அதன் கூர்விளிம்பு கீழே, சுவரை நோக்கி இருக்கும். கண்ணாடியைத் தூக்கி மேலிருந்து இறக்கினால் இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். எடை கூடக் கூடப் பிடி இறுகும். சாய்வாக அறுக்க வசதி இல்லையென்றால் இதே வேலையைச் செய்யும் அலுமினியப் பட்டைகள் ஜோடியாகக் கிடைக்கின்றன. அவை தடிமனும் குறைவு, கண்ணாடி சுவரோடு இன்னும் ஒட்டி நிற்கும்.

இதனால் என்ன லாபம்? சுவர்ப்பட்டையைத் தூணில் எங்கே அகப்படுகிறதோ அங்கே பூட்டலாம். வளையங்கள் எங்கே இருக்கின்றன என்பது பொருட்டே இல்லை. தூண் உள்ள இடத்தில் மேலும் கீழுமாக இரண்டு திருகாணிகள். ஆனால் தூண் நடுவில் இல்லாததால் கண்ணாடியின் எடை பட்டையை வலப்பக்கமாகச் சுழற்றப் பார்க்கும். அதைத் தடுக்க, நடுவிலிருந்து 15 செ.மீ. வலப்பக்கத்தில், குழாயிலிருந்து விலகி, வெற்றுச்சுவருக்கான ஆங்கர் ஒன்றை, அதாவது பலகையின் பின்னால் விரிந்து பிடிக்கும் பிடிமானம் ஒன்றை, போடுங்கள். அது எவ்வளவு தாங்க வேண்டும்? தூணிலிருந்து கண்ணாடியின் நடு 10 செ.மீ.; தூணிலிருந்து ஆங்கர் 25 செ.மீ. ஆகவே 12 × 10 ÷ 25, ஏறத்தாழ 4.8 கிலோ. மீதி 7.2 கிலோவைத் தூண் ஏற்றுக்கொள்கிறது. நல்ல ஆங்கர் ஒன்று ஜிப்சம் பலகையில் 5 கிலோவைக் கீழ்நோக்கித் தாங்குவது பெரிய காரியமில்லை. நடுவில் மாட்ட முடியாது என்று தோன்றிய கண்ணாடி இப்போது சரியாக நடுவில் நிற்கும். சரியாக நிற்கவில்லை என்றால் பட்டையின் மீதே இடமாகவோ வலமாகவோ ஒரு விரற்கடை நகர்த்திக்கொள்ளலாம். புதிய துளை தேவையில்லை.

சில நுணுக்கங்களில் கவனம் வேண்டும். தூண் மரமானால், பலகை 12.5 மி.மீ., பிளைவுட் 18 மி.மீ. போக, கட்டைக்குள் குறைந்தது 30 மி.மீ. இறங்குமாறு 65 மி.மீ. திருகாணி போடுங்கள், முதலில் மெல்லிய வழித்துளை இட்டால் கட்டை பிளக்காது. தூண் தகட்டுச் சேனலானால் நீளத் திருகாணியால் பயனில்லை; தகட்டில் பிடிக்கும் சில புரிகள்தான் பாரம் தாங்கும். அங்கே தகட்டையும் துளைத்து அதன் பின்னால் விரியும் டாகிள் போல்ட் போட வேண்டும். கண்ணாடிப் பக்கப் பட்டையை இருபுறச் செங்குத்துச் சட்டங்களிலும் பதியுமாறு பூட்டுங்கள். நடுவிலுள்ள பின்பலகை மெல்லியது, அதில் திருகினால் பிடிக்காது. அந்தத் திருகாணிகளின் நீளத்தைப் பட்டையும் சட்டமும் சேர்ந்த தடிமனோடு அளந்து பாருங்கள். சட்டம் 20 மி.மீ., பட்டை 18 மி.மீ. என்றால் 30 மி.மீ. திருகாணி போடுங்கள், நீளம் 38 மி.மீ.யைத் தாண்டினால் சட்டத்தைத் துளைத்து முன்னால் வரும், அல்லது கண்ணாடியையே முட்டி உடைக்கும். கண்ணாடியின் கீழ்ப்பகுதியில், பட்டையின் அதே தடிமனில் இரண்டு துண்டுகளை ஒட்ட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் கண்ணாடி கீழே சுவரைத் தொட்டு, மேலே முன்னோக்கிச் சாய்ந்தாற்போல் நிற்கும், பார்ப்பவர் உருவம் குட்டையாகத் தெரியும். மேலிருந்து இறக்க வேண்டியிருப்பதால், கண்ணாடிக்கு மேலே சில செ.மீ. காலி இடமும் தேவை.

ஆங்கர் வகைகளைப் பற்றியும் கொஞ்சம். செங்கல் சுவருக்கான சாதாரண பிளாஸ்டிக் பிளக் ஜிப்சம் பலகையில் எதற்கும் உதவாது. அது அழுந்தி விரிவதற்குத் திண்மையான பொருள் வேண்டும். இங்கே அது பலகையைப் பொடியாக்கும். அகலப் புரியுள்ள, தானே துளைத்து இறங்கும் ஆங்கர் சிறு படங்களுக்குச் சரி. நமக்குத் தேவை, பலகையின் பின்னால் போய்க் குடைபோல விரிந்துகொள்ளும் உலோக ஆங்கர், அல்லது ஸ்பிரிங் வைத்த டாகிள் போல்ட். இவை பாரத்தைப் பலகையின் பின்புறத்தில் பரவலாகத் தாங்கவைக்கின்றன. டாகிளுக்குச் சற்றுப் பெரிய துளையும் பின்னால் விரியப் போதிய வெற்றிடமும் வேண்டும் என்பதை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் கிலோ எண்ணை அப்படியே நம்பாதீர்கள். பல பொட்டலங்களில் அது பிடுங்கிக்கொண்டு வரும் எல்லை. அதில் கால்பங்கைத்தான் நான் உண்மையான தாங்குதிறனாக எடுத்துக்கொள்வேன். 20 கிலோ என்று போட்டிருந்தால் எனக்கு அது 5 கிலோ.

ஒரு தூண்கூடக் கிடைக்காத சுவரில் என்ன செய்வது? பூச்சு உதிரும் பழைய சுவர், உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரியாத சுவர், ஆழமாகத் துளையிட அனுமதியில்லாத வாடகை வீட்டுச் சுவர் எல்லாம் இதில் சேரும். இங்கே எடையைச் சுவரில் ஏற்றாமலிருப்பதே நல்லது. கண்ணாடியின் இரு பக்கச் சட்டங்களுக்குப் பின்னால், மேலிருந்து தரை வரை நீளும் இரண்டு ரீப்பர்களை (மெல்லிய மரக்கட்டைகளை) நிறுத்தித் திருகிவிடுங்கள். 40 மி.மீ.க்கு 20 மி.மீ. ரீப்பரே போதும். 12 கிலோவும் அந்தக் கால்கள் வழியே தரைக்கு இறங்கிவிடும். கண்ணாடிக்குக் கீழே கால்கள் வெளியே தெரியும்தான். சுவரின் நிறத்தையே அவற்றுக்கும் பூசினால் கண்ணை உறுத்தாது. சுவரடியில் டைல் பட்டை துருத்திக்கொண்டிருந்தால் ரீப்பரின் அடிப்பகுதியை அந்த அளவுக்குச் செதுக்கிவிட வேண்டும். இனிச் சுவர் செய்ய வேண்டியது கண்ணாடி முன்னால் சாயாமல் பிடிப்பது மட்டும். மேலே கணக்குப் போட்டோமே, அந்த அரைக் கிலோவுக்கும் குறைவான இழுவை. யாராவது பிடித்து இழுத்தால் இன்னும் சில கிலோ கூடும். மேல்முனையில் L வடிவில் மடிந்த இரண்டு சிறு உலோக முக்குகளும் இரண்டு சிறு ஆங்கர்களும் அதற்குப் போதும். துளைகளும் சிறியவை, வீட்டைக் காலி செய்யும்போது சிறிது பட்டி வைத்து அடைத்துவிடலாம்.

இதன் எளிய வடிவம், கண்ணாடியைத் தரையில் வைத்துச் சுவரில் சாய்ப்பது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அடியை வெளியே அதிகம் தள்ளினால் அது வழுக்கும். குறைவாகத் தள்ளினால் இலேசாகப் பட்டாலும் முன்னால் கவிழும். இரண்டுக்கும் நடுவே பாதுகாப்பான சாய்வு என்று ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. அடியில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். மேலே, சட்டத்தின் பின்னாலிருந்து சுவருக்கு ஒரு நாடாவையோ சிறு சங்கிலியையோ பூட்டுங்கள். குழந்தை உள்ள வீட்டில் இந்த நாடா இல்லாமல் கண்ணாடியைச் சாய்த்து வைக்கவே கூடாது. கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தைப் பிடிக்கக் குழந்தை சட்டத்தின் மேல்பக்கத்தைப் பற்றி இழுக்கும். இதை அழுத்திச் சொல்கிறேன்.

துளை போடவே கூடாத இடத்தில், கனமான அலமாரியின் பக்கவாட்டிலோ அதன் கதவின் உட்புறத்திலோ பூட்டுவதும், தரைக்கும் கூரைக்கும் இடையே இறுகி நிற்கும் கம்பத்தில் மாட்டுவதும் நல்ல வழிகள். கதவின் மேல்விளிம்பில் கொக்கி போட்டுத் தொங்கவிடும் மெல்லிய கண்ணாடிகளும் உண்டு. அவற்றின் கீழ்ப்பகுதியைக் கதவோடு சேர்த்துப் பிடிக்காவிட்டால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மோதும். சில வீடுகளில் கூரையை ஒட்டிய சுவரின் மேல்பகுதியில் உறுதியான விட்டமோ கான்கிரீட் பட்டையோ ஓடும். அங்கே ஒரு தண்டவாளப் பட்டையைப் பூட்டி, இரண்டு கம்பிகளை நேர்கீழாக இறக்கி வளையங்களில் மாட்டலாம். கம்பிகள் செங்குத்தாக இருப்பதால் ஒவ்வொன்றிலும் 6 கிலோதான். முன்பு சொன்ன கோணத் தொல்லை இதில் இல்லை.

மற்றச் சுவர்களுக்கு வேகமாகச் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கும் எல்லோருக்கும் ஜிப்சம் சுவர் இருக்கப்போவதில்லை. திண்மையான செங்கல்லும் கான்கிரீட்டும் இருந்தால் வளையத்துக்கு ஒன்றாக இரண்டு 6 மி.மீ. பிளக்கும் பொருத்தமான திருகாணியும் போதும். பிளக் முழுவதும் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போக வேண்டும். பூச்சுக்குள்ளேயே நின்றுவிட்ட பிளக்தான் பெரும்பாலான சுவர்களில் பொலபொலவென்று கழன்று வருவது. உள்ளே பொந்துள்ள ஹாலோ பிளாக் கல்லில் டிரில்லின் ஹாமர் விசையை நிறுத்திவிட்டு வெறும் சுழற்சியில் துளையிடுங்கள். இல்லாவிட்டால் உள்சுவர் உடைந்து பிளக்குக்குப் பிடியே இருக்காது. அங்கே உள்ளே போய் முடிச்சிட்டுக்கொள்ளும் பிளக் அல்லது வலைக்குழல் வைத்துச் செலுத்தும் ரசாயனப் பிசின் நல்லது. எடை குறைந்த காற்றறைக் கான்கிரீட் கட்டைகளுக்கு அவற்றுக்கென்றே உள்ள அகலப் புரி பிளக்குகளைத்தான் வாங்க வேண்டும். கான்கிரீட்டில் துளை ஒரு இரும்புக் கம்பியில் முட்டி நின்றுவிட்டால், அதோடு போராட வேண்டாம். மேலே சொன்ன பட்டையைப் போட்டு, துளையைச் சில செ.மீ. தள்ளிக்கொள்ளுங்கள்.

டைல் ஒட்டிய குளியலறைச் சுவரில் டைலுக்கான ஈட்டிமுனை அல்லது வைர பிட், டேப் ஒட்டிய பரப்பு, குறைந்த வேகம், ஹாமர் இல்லாத சுழற்சி. டைலைத் தாண்டிய பிறகுதான் பிட்டை மாற்ற வேண்டும். பிளக்கின் தலை டைலுக்குள் நிற்காமல் அதன் பின்னால் இறங்க வேண்டும். டைலுக்குள் விரியும் பிளக் டைலைப் பிளந்துவிடும். இரண்டு டைல்களுக்கு நடுவிலுள்ள இடுக்கில் துளையிடச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பெரும்பாலான இடுக்குகள் பிட்டைவிடக் குறுகியவை; இரு பக்க டைல்களின் விளிம்பும் சேர்ந்து சிதையும், டைலில் மிகப் பலவீனமான இடமும் அந்த விளிம்புதான்.

சட்டமே இல்லாத வெறுங்கண்ணாடி வேறு கதை. அதற்குக் கீழே எடை தாங்கும் உலோகச் சேனல் ஒன்றும், மேலே நகரும் கிளிப்புகளும் வேண்டும். சேனலுக்குள் கண்ணாடி நேராக உலோகத்தின் மேல் நிற்கக் கூடாது. இரு முனைகளிலிருந்தும் நீளத்தின் கால்பங்கு தூரத்தில் இரண்டு ரப்பர் துண்டுகளை வைத்து அவற்றின்மேல் நிறுத்த வேண்டும். கிளிப்புகளை இறுக்கி முறுக்கினால் கண்ணாடி அங்கேயே விரிசல் விடும். சுவர் மேடும் பள்ளமுமாக இருந்தால் கிளிப்பால் அழுத்திச் சமன்படுத்த முயலாமல், பின்னால் மெல்லிய தக்கைகள் வைத்துச் சமன்செய்யுங்கள். பசையும் போட விரும்பினால் கண்ணாடிக்கென்றே உள்ள பசையோ, நடுநிலையாக உறையும் சிலிக்கோனோ வாங்குங்கள். உறையும்போது காடி வாடை அடிக்கும் சிலிக்கோன் கூடாது. கண்ணாடியின் பின்னால் ரசம் என்று நாம் சொல்வது இன்றைய கண்ணாடிகளில் மிக மெல்லிய வெள்ளிப் படலம். 1835இல் ஜெர்மன் வேதியியலாளர் யூஸ்டுஸ் ஃபான் லீபிக் காட்டிய வேதிமுறையின் வழிவந்தது. அந்த வாடைக்குக் காரணமான அசிட்டிக் அமிலம் பின்பூச்சினூடே போய் வெள்ளியைத் தின்று கறுப்புத் திட்டுகளை உண்டாக்கும். பசையை வட்டமாகவோ திட்டாகவோ வைக்காமல் மேலிருந்து கீழாகக் கோடுகளாக இட்டால் பின்னால் காற்று ஓடும், ஈரம் தேங்காது. எப்படியானாலும் பசை துணைக்குத்தான். எடை சேனலில் இறங்கட்டும். வெறுங்கண்ணாடி வாங்கும்போதே பின்புறம் பாதுகாப்புப் படலம் ஒட்டியதைக் கேளுங்கள். உடைந்தாலும் சில்லுகள் சிதறாமல் அதிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே மட்டும், படலம் இருந்தாலும், கனமான கண்ணாடியை மாட்ட நான் சொல்லமாட்டேன்.

மீண்டும் உங்கள் சுவர். மாட்டும் நாளில், கண்ணாடியின் மேல்விளிம்பு எங்கே வரவேண்டும் என்பதை முதலில் சுவரில் குறியுங்கள். அங்கிருந்து, சட்டத்தின் பின்னால் பட்டை எவ்வளவு கீழே இருக்கிறதோ அந்த அளவை இறக்கிச் சுவர்ப்பட்டையின் கோட்டைப் போடுங்கள். ரசமட்டத்தை வைத்துக் கோட்டைச் சமன் பாருங்கள்; தூணில் முதல் திருகாணியைப் பாதி முறுக்கி, மறுபடியும் ரசமட்டம் வைத்து, பிறகு ஆங்கர் துளையைக் குறியுங்கள். கண்ணாடியை மாட்டும் முன் பட்டையைச் சோதியுங்கள். வாளியில் தண்ணீர் நிரப்பினால் லிட்டருக்கு ஒரு கிலோ. இரண்டு வாளிகளில் மொத்தம் 24 லிட்டர் நிரப்பி, கண்ணாடியின் நடு வரும் இடத்தில் பட்டையிலிருந்து கயிறு கட்டி, தரைக்கு ஓர் அங்குலம் மேலே இரவு முழுவதும் தொங்கவிடுங்கள். பட்டையின் மேல்விளிம்பில் முன்பே பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். காலையில் பட்டை அந்தக் கோட்டிலிருந்து இறங்கியிருக்கிறதா, ஆங்கரைச் சுற்றிப் பலகை உப்பியிருக்கிறதா, விரிசல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். எதுவும் அசையவில்லை என்றால், இன்னொருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கையுறை போட்டு, கண்ணாடியை ஏற்றுங்கள். மாட்டியதும் கீழ்விளிம்பை மெல்ல மேலே தூக்கிப் பாருங்கள். பட்டை கழன்று வரும் அளவுக்கு எளிதாக உயர்ந்தால், கீழே ஒரு சிறு முக்கைத் திருகிப் பூட்டிவிடுங்கள். ஒரு மாதம் கழித்து அதே பென்சில் கோட்டை மறுபடியும் பாருங்கள். ஜிப்சம் பலகை அழுந்துவதாக இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும்.